ஃபிட் ஹைபிரிட் வேண்டலாமோ? எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

நான் மெக்கானிக் இல்லை. பத்து வருசத்துக்கு மேல ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஓடுறன், முதல் ஒரு ஜீபீ1 (GP1) மொடல், இப்ப ஒரு ஜீபீ5 (GP5) மொடல், அவ்வளவுதான் தகுதி. ஆனா சொந்தத்துக்குள்ள ஆர் கார் பாக்கப் போனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், அதுவும் அதே கேள்வி, அதே பயம், சில நேரம் காசு குடுத்து முடிச்ச பிறகு வாற கேள்வி. வெள்ளவத்தையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஒரே கதையைச் சொல்லி வாய் நோகுது, அதால எழுதிப் போடுறன். மேல இருந்து கீழ வாசியுங்கோ, முன்னுக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டன்.

ஃபிட் ஹைபிரிட் எண்டால் எல்லாம் ஒரே கார் தானே, வருசம் மட்டும் தானே வித்தியாசம்?

இல்லை. பிழை எல்லாம் இஞ்சதான் தொடங்குது. பேர் ஒண்டு, உள்ளுக்கு மூண்டு வேற வேற கார். 2010 ஒக்டோபரில யப்பானில வந்தது ஜீபீ1: 1.3 லீற்றர் எஞ்சின், அதுக்கு ஒரு சின்ன மோட்டர் துணை, சீவீரீ எண்ட படி இல்லாம மாறுற கியர். 2013 செப்ரெம்பரில ஜீபீ5: 1.5 லீற்றர் எஞ்சின், பெரிய மோட்டர், ரெண்டு கிளச் உள்ள 7 கியர்ப் பெட்டி. 2020 பெப்ரவரியில ஜீஆர்3 (GR3): ரெண்டு மோட்டர், கியர்ப் பெட்டி எண்டு ஒண்டுமே இல்லை, ஊருக்குள்ள பெரும்பாலும் எஞ்சின் கரண்ட் செய்யும் மோட்டர் சில்லைச் சுத்தும், ஹைவேயில வேகமாப் போகேக்க மட்டும் ஒரு கிளச் பிடிச்சு எஞ்சின் நேரடியாச் சில்லோட சேரும்.

ஒண்டில வாற வருத்தம் மற்றதில வராது. "மச்சான் ஒராளின்ர ஃபிட்டில கியர் போச்சாம்" எண்டு ஆரும் சொன்னால் முதல் கேக்க வேண்டியது எந்த ஃபிட் எண்டுதான்.

அது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? விக்கிறவர் 2014 எண்டு மட்டும் சொல்லுறார்

சசி நம்பரின்ர முன் எழுத்தைப் பாருங்கோ, புத்தகத்திலயும் இருக்கும். ஜீபீ1 எண்டோ ஜீபீ5 எண்டோ அதிலயே தொடங்கும். வருசத்தை நம்பாதேங்கோ, எங்கட ஆக்கள் சில பேர் செய்த வருசம் சொல்லுவினம், சில பேர் இலங்கையில பதிஞ்ச வருசம் சொல்லுவினம், எது கூட விலை வருமோ அது.

ஜீபீ4 எண்டு ஒண்டும் இருக்கு, பழைய உடம்பில 1.5 எஞ்சின் போட்ட ஆர்எஸ், இஞ்ச அரிது. ஜீபீ6 எண்டால் ஜீபீ5 தான், நாலு சில்லும் இழுக்கும்.

தம்பி, உதுக்கு வீட்டில பிளக் குத்தி சார்ஜ் போடோணுமோ?

இல்லை மாமி. பெற்றோல் மட்டும்தான் அடிக்கோணும். பிறேக் பிடிக்கேக்கயும் இறக்கத்தில இறங்கேக்கயும் வீணாப் போற சக்தியை மோட்டர் திருப்பி எடுத்துப் பற்றரிக்குள்ள போடும், பேந்து காரை எடுக்கேக்க அதைத் தரும். பற்றரி சின்னன், ஜீபீ5 இல முழுசா நிரம்பினாலே 0.86 யூனிற் தான், வீட்டு அயன் பொக்ஸ் அதில ஒரு மணித்தியாலம் கூட வேலை செய்யாது.

லீற்றருக்கு 36 கிலோமீற்றர் ஓடும் எண்டு போட்டிருக்கு, உண்மையோ?

யப்பானில சோதினைச்சாலையில ஓடும், கொழும்புக் காலி வீதி ட்ரபிக்கில ஓடாது. இன்னொரு விசயம், அந்த இலக்கங்களை ஒண்டோட ஒண்டு ஒப்பிடவே ஏலாது. ஜீபீ1 க்கு 30 எண்டு போட்டது பழைய 10-15 எண்ட சோதினையில, அதே காரை அடுத்து வந்த ஜேசி08 சோதினையில வச்சால் 26. ஜீபீ5 இன்ர 36.4 ஜேசி08 இல எடுத்தது. ஜீஆர்3 இன்ர 29.4 டபிள்யூஎல்ரீசி எண்ட இன்னும் இறுக்கமான சோதினையில எடுத்தது. இலக்கத்தை மட்டும் பாத்தால் புதுக் கார் பழசை விடக் குறைய ஓடுற மாதிரி இருக்கும், அது அளவுகோல் மாறினதால.

என்ர கணக்கு, ராங் நிரப்பி நிரப்பி எழுதி வச்சது: ஜீபீ1 கொழும்புக்குள்ள 12, 13, யாழ்ப்பாணம் போய் வந்தால் 18. ஜீபீ5 கொழும்புக்குள்ள 15, யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டில 70, 75 இல பிடிச்சுக்கொண்டு போனால் 22, ஏசியோட. 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் கோட் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்ட நேரம் அந்த 15 எனக்கு 300 கிலோமீற்றர் தந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பை மூடிப்போட்டு மகளை ரியூசனுக்கு என்ர காரில அனுப்பினவர். ஆனா கிழமைக்கு நாப்பது கிலோமீற்றர் ஓடுற ஆளுக்கு இந்தக் கணக்கு ஒண்டும் பெரிசா மிச்சம் பிடிக்காது, அவை சாதாரண 1.3 ஃபிட்டே பாக்கலாம்.

ஒரே ஜீபீ5 தான், என்ர சினேகிதன்ர ராங் 40 லீற்றர், எனக்கு 32 தான் பிடிக்குது, ராங்கை மாத்திப்போட்டாங்களோ?

ஒருத்தரும் மாத்தேல்ல. உங்கடது அடி மொடல். பாரம் குறைச்சு அந்த 36.4 ஐக் காட்டுறதுக்காக அதுக்கு மட்டும் 32 லீற்றர் ராங் போட்டவை. எஃப், எல், எஸ் பக்கேஜ் எல்லாத்துக்கும் 40. விளம்பரத்தில வாற 36.4 அந்த ஒரு மொடலுக்கு மட்டும் உரியது, எஸ் பக்கேஜுக்கு யப்பான்காரனே 31.4 தான் சொல்லுறான்.

பற்றரி போனால் கார் போச்சு தானே? எல்லாரும் அதுதான் சொல்லினம்

எல்லாரும் பிழையான இடத்தில பயப்பிடினம். ஜீபீ1 க்குச் சொன்னால் கொஞ்சம் சரி, ஜீபீ5 க்குப் பயப்பிட வேண்டினது வேற சாமான், அது கீழ வருது.

ஜீபீ1 இல நிக்கல் பற்றரி, 84 செல், கிட்டத்தட்ட 100 வோல்ற். எங்கட வெக்கைக்கு அது களைக்கும், இப்ப ஓடுறதில அனேகமா எல்லாம் ஒருக்கா மாத்தினது அல்லது மாத்த வேண்டினது. எப்பிடித் தெரியும் எண்டால், ஓடிக்கொண்டிருக்கேக்க பற்றரி மீற்றரைப் பாருங்கோ. பாதிக்கு மேல நிக்கும், சும்மா ஒரு ஏத்தத்தில காலை வைக்க ரெண்டு கட்டைக்கு விழும், பேந்து மோட்டர் உதவாது, கார் மூச்சு வாங்கும், அஞ்சு நிமிசத்தில திரும்ப நிரம்பினதாக் காட்டும். அப்பிடி ஒருக்கா விழுந்தால் விலையைக் குறைச்சுக் கதையுங்கோ, ரெண்டு தரம் விழுந்தால் வேற கார் பாருங்கோ.

செல் மாத்தித் தாறம் எண்டு சில கராஜில சொல்லுவினம். செத்த நாலைஞ்சை எடுத்துப்போட்டு வேற பழைய பற்றரியில இருந்து கழட்டினதைப் போடுவினம். நான் என்ர ஜீபீ1 க்கு அப்பிடித்தான் செய்தனான், மலிவு எண்டு. ஏழு மாதத்தில மற்றதுகள் செத்துது. கேட்டால் "நாங்கள் மாத்தின செல் நல்லாத்தானே இருக்கு அண்ணை" எண்டு கையை விரிச்சவை. அவையிலயும் பிழையில்லைத்தான், களைச்ச செல்லோட உற்சாகமான செல்லைக் கட்டினால் ரெண்டுக்கும் கஸ்டம். மாத்துறது எண்டால் முழுசா மாத்துங்கோ. விலை எழுத மாட்டன், மாதத்துக்கு மாதம் மாறுது.

ஜீபீ5 இல லிதியம், 48 செல். இது நிக்கலை விட நல்லா நிண்டுபிடிக்குது. ரெண்டுக்கும் பொதுவா ஒண்டு, பற்றரி டிக்கிக்குக் கீழ, அதுக்குக் காத்து காருக்குள்ள இருந்துதான் போகுது. காத்து இழுக்கிற வலையில தூசி அடைச்சால் பற்றரி வேகும். என்ரதைத் திறந்து பாக்கேக்க உள்ளுக்கு நாய் மயிர், ரோல்ஸ் துண்டு, பிள்ளையின்ர ஒரு காதுத்தோடு. வருசத்துக்கு ஒருக்கா துப்பரவாக்கச் சொல்லுங்கோ.

ஜீபீ1 இல சிக்னல்ல நிண்டால் ஏசி சூடா வருது, காஸ் முடிஞ்சிட்டுதோ?

காஸ் இருக்கும். ஜீபீ1 இல ஏசி கொம்பிரசரை எஞ்சின் பெல்ற்தான் சுத்துது. சிக்னல்ல எஞ்சின் நிக்க அதுவும் நிக்கும், ஃபான் மட்டும் சுத்தும். "ஈகோன்" எண்ட பச்சைப் பொத்தானை நிப்பாட்டினால் எஞ்சின் கெதியாத் திரும்ப எழும்பும். ஜீபீ5 இல கொம்பிரசர் கரண்டில ஓடுறது, எஞ்சின் நிண்டாலும் குளிரும். பம்பலப்பிட்டி வெயிலுக்க கைக்குழந்தையோட நிண்டனீங்கள் எண்டால் இந்த ஒரு வித்தியாசத்துக்கே மேல்காசு குடுப்பியள்.

ஜீபீ5 கியர்ப் பெட்டி சரியில்லை எண்டு மெக்கானிக் சொல்லுறார், மற்றவர் ஒண்டும் இல்லை எண்டுறார். ஆர் சொல்லுறது சரி?

ரெண்டு பேரும் சரி. அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு கிளச், ரெண்டும் உலர்ந்த கிளச், அதாவது ஒயிலுக்குள்ள குளிச்சுக்கொண்டு இருக்காது, மனுவல் காரின்ர மாதிரி. கிளச்சை அமத்தி விடுறது உங்கட கால் இல்லை, கொம்பியூட்டர். பற்றரியில சார்ஜ் இருந்தால் கார் மோட்டரில மெதுவா வெளிக்கிடும், கிளச்சுக்கு வேலையே இல்லை. சார்ஜ் இறங்கினால்தான் எஞ்சின் காரை இழுத்து எடுக்கோணும், அந்த நேரம் கிளச் பாதி பிடிச்சபடி வழுக்கும், சூடாகும், தேயும்.

இப்ப ரெண்டு காரை யோசியுங்கோ. ஒண்டு கிளிநொச்சியில பள்ளிக்கூட ரீச்சர் ஓடினது, நேர் ரோட்டு, சனம் இல்லை, 1,20,000 கிலோமீற்றர். மற்றது கொழும்பில மருதானைக்குள்ளயும் பொரளைக்குள்ளயும் ஊர்ந்து ஊர்ந்து 60,000. நான் கண்ணை மூடிக்கொண்டு ரீச்சரின்ர காரை எடுப்பன். ஜீபீ5 இல கிலோமீற்றரை விட எங்க ஓடினது, எப்பிடி ஓடினது எண்டதுதான் கதை. ஒண்டும் இல்லை எண்ட மெக்கானிக் ரீச்சரின்ர மாதிரிக் காரைக் கண்டிருப்பார், மற்றவர் மருதானைக் காரை.

வருத்தம் வந்தால் இப்பிடி இருக்கும்: றிவேர்சில போட்டால் யோசிச்சு யோசிச்சு எடுக்கும், ஒண்டில இருந்து ரெண்டுக்குப் போகேக்க நடுங்கும், சூடான நேரம் கியர்ப் பெட்டி சூடு எண்டு டாஷ்போர்டில எழுத்து வரும், அதுவும் யப்பான் பாசையில, படம் எடுத்து மொழிபெயர்த்துத்தான் பாக்கோணும். எல்லாத்துக்கும் புதுப் பெட்டி தேவையில்லை. சிலது கிளச், சிலது கிளச்சை இயக்குற அக்சுவேற்றர், சிலது கொம்பியூட்டருக்குத் திரும்பப் படிப்பிச்சால் சரி வாறது. பெட்டி ஒயில் வேற, அக்சுவேற்றருக்குள்ள இருக்கிறது வேற, ரெண்டையும் பாக்கோணும் எண்டு தெரியாத கராஜுக்குக் காரைக் குடுக்காதேங்கோ.

அப்ப ட்ரபிக்கில எப்பிடித்தான் ஓடுறது?

முன் காரோட ஒட்டி அங்குலம் அங்குலமா ஊராதேங்கோ. ஒரு காரின்ர இடம் விடுங்கோ, அது போகட்டும், பேந்து ஒரேயடியா எடுங்கோ. பின்னுக்கு நிக்கிற பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும், கிளச் அவன்ர காசு இல்லை. ஏத்தத்தில நிக்கேக்க அக்சிலேற்றரால காரைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது, பிறேக்கால பிடியுங்கோ.

அஞ்சு தரம் ரீகோல் பண்ணின காராமே, அதை ஏன் வேண்டுவான்?

உண்மைதான். 2013 செப்ரெம்பரில வந்த காருக்கு 2014 ஒக்டோபருக்குள்ள அஞ்சு ரீகோல், அதாவது பிழை கண்டு கம்பனியே காரைத் திருத்தத் திருப்பிக் கூப்பிட்டது, முக்கியமானது இந்தக் கியர்ப் பெட்டியின்ர மென்பொருள். ஹொண்டாவின்ர அந்தநேரத் தலைவர் தகனோபு இட்டோ வெக்கத்தில தன்ர சம்பளத்தில 20 வீதத்தை மூண்டு மாதத்துக்கு வெட்டினவர். ஆனா ரீகோல் எண்டால் திருத்தினது எண்டும் அர்த்தம். பயப்பிட வேண்டினது ரீகோல் வந்த காருக்கு இல்லை, ரீகோல் வந்தும் செய்யாமக் கப்பல் ஏறின காருக்கு. சசி நம்பரைப் போட்டுப் பாக்கிற வசதி ஹொண்டாவின்ர யப்பான் தளத்தில இருக்கு. ஏலும் எண்டால் 2015 க்குப் பிந்தினது பாருங்கோ, 2017 யூனில முகம் மாத்தி வந்தது இன்னும் நல்லம், விலையும் அப்பிடி.

ஜீபீ1 வேண்டுற ஆக்களும் இந்த சசி நம்பர் வேலையைச் செய்யுங்கோ. டகாட்டா கம்பனி செய்த எயார்பாக் வெடிச்சு இரும்புத் துண்டு பறக்கிற பிரச்சினையில அந்தக் காலத்து ஃபிட்டும் அகப்பட்டது. கியர் நடுங்கினால் காசு போகும், எயார்பாக் பிழைச்சால் ஆள் போகும்.

நான் கண்டியில, அடிக்கடி நுவரெலியா போறனான். ஏறுமோ?

ஏறும். ஜீபீ5 இல எஞ்சினும் மோட்டரும் சேந்து 137 குதிரை, கம்பளையில இருந்து றம்பொடைப் பக்கத்தால நாலு பேரோட ஏறினன், கஸ்டப்படேல்ல. பிரச்சினை ஏறுறதில இல்லை, ஏறும்போது லொறிக்குப் பின்னால மாட்டுப்பட்டு நிண்டு நிண்டு எடுக்கிறதில, ஏன் எண்டு மேல சொல்லியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் மலை எண்டால் ஜீபீ5 ஐ விட ரொயோட்டாவின்ர அக்வா ஹைபிரிட் நல்லம்.

அக்வாவோ ஃபிட்டோ? ஒரு சொல்லில சொல்லு

ஒரு சொல் எண்டால் அக்வா. ஆனா நான் வச்சிருக்கிறது ஃபிட், அதால கொஞ்சம் கூடச் சொல்லோணும்.

ரொயோட்டா அக்வா 2011 டிசம்பரில வந்தது. அதில தேயுற கிளச் இல்லை, எஞ்சினையும் மோட்டரையும் ஒரு பல்லுச்சில்லுக் கூட்டம் எப்பவும் சேத்து வச்சிருக்கு. அதால ட்ரபிக்கும் சரி மலையும் சரி, அது பாட்டுக்குப் போகும். நிக்கல் பற்றரி, பின் சீற்றுக்குக் கீழ, வலை துப்பரவாக்கிற கதை அதுக்கும் உண்டு. குறை எண்டால் இடம், பின்னுக்கு உயரமான ஆள் இருந்தால் தலை கூரையில தட்டும்.

ஃபிட்டில பெற்றோல் ராங் முன் சீற்றுக்குக் கீழ, அதால பின் சீற்றின்ர அடியை மேல மடக்கி விடலாம். நான் அதுக்குள்ள நிலத்தில நிமித்தி வச்சு ரெண்டு மாங்கண்டு கொண்டு போனனான் சுன்னாகத்துக்கு, ஒரு இலை முறியேல்ல. அக்வாவுக்குள்ள அது நடக்காது. அம்மா அப்பாவை ஏத்தி இறக்கவும் ஃபிட்தான் லேசு. குடும்பம், சாமான், நேர் ரோட்டு எண்டால் ஃபிட். தனி ஆள், ஒவ்வொரு நாளும் கொழும்பு எண்டால் அக்வா.

மீற்றர் 58,000 காட்டுது, நம்பலாமோ?

யப்பான் ஏலச் சீட்டு இருக்கோ எண்டு கேளுங்கோ, அதில அங்க ஓடின கிலோமீற்றரும் தரமும் இருக்கும், தரத்தில ஆர் (R) எண்ட எழுத்துப் போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்தினது. சீட்டு துலைஞ்சுபோச்சு எண்டால் பிறேக் பெடலின்ர ரப்பரைப் பாருங்கோ, சாரதி சீற்றின்ர கதவுப்பக்க ஓரத்தைப் பாருங்கோ, ஸ்ரியரிங் கண்ணாடி மாதிரி மினுங்குதோ எண்டு பாருங்கோ. 58,000 இல ரப்பர் மொட்டையாகாது. அதோட ஜீபீ5 க்குக் கிலோமீற்றர் ரெண்டாம் பட்சம் எண்டு சொல்லிப்போட்டன்.

பாக்கப் போகேக்க என்ன செய்யோணும்?

முதல், வாறன் எண்டு சொல்லேக்கயே காரை ஸ்ராட் பண்ண வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, குளிர்ந்த காரைத்தான் பாக்கோணும். போய் பொனற்றில கை வையுங்கோ. சூடா இருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ.

பேந்து அரை மணித்தியாலத்துக்குக் குறையாம ஓடுங்கோ, அதுவும் சனம் உள்ள ரோட்டில. கனபேர் விடியக்காலமை சனம் இல்லாத ரோட்டில ரெண்டு ரவுண்ட் அடிச்சுப்போட்டு சூப்பர் எண்டுவினம், அதில ஒண்டும் தெரியாது. சூடான பிறகு ஒரு சின்ன ஏத்தத்தில நிப்பாட்டி, பற்றரி குறைஞ்ச நேரமாப் பாத்து, றிவேர்ஸ், ட்ரைவ், றிவேர்ஸ் எண்டு மூண்டு நாலு தரம் மாத்தி மாத்தி எடுங்கோ. நடுங்கினால் அங்கதான் நடுங்கும். கடைசியா காரின்ர கொம்பியூட்டருக்கு ஸ்கேன் போடுங்கோ, உங்கட ஆளைக் கொண்டுபோய், அவரின்ர ஆளை வச்சு இல்லை.

ஹைபிரிட் லைற் ஒண்டு பத்துது, "சென்சர் ஒண்டுதான் அண்ணை, ரெண்டாயிரம் ரூவா வேலை" எண்டுறார்

அப்ப அந்த ரெண்டாயிரத்தை அவரையே செலவழிச்சுத் திருத்தித் தரச் சொல்லுங்கோ, பேந்து வாறன் எண்டு சொல்லுங்கோ. முகம் மாறும்.

வெள்ளத்துக்க நிண்ட கார் எண்டு எப்பிடித் தெரியும்?

2016 மேயில களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் எத்தினை கார் மூழ்கினது, அதெல்லாம் எங்கயோ ஓடிக்கொண்டுதான் இருக்கு. பற்றரி டிக்கிக்குக் கீழ எண்டு சொன்னனே, சாதாரண காருக்கு சீற் நனைஞ்ச அளவு தண்ணி இதுக்குப் பற்றரிக்குள்ள போற அளவு. டிக்கித் தட்டைத் தூக்கி ஆணியளைப் பாருங்கோ, கறள் இருந்தால் விடுங்கோ. சீற் பெல்ற்றைக் கடைசி வரைக்கும் இழுங்கோ, அடி நுனியில சேத்துக் கோடு இருக்கும், அதை ஒருத்தரும் கழுவ நினைக்கிறேல்ல.

தட்டைத் தூக்கினதோட இன்னொண்டும் தெரியும், ஜீபீ5 இல ஸ்பெயார் ரயர் இல்லை, பங்சர் ஒட்டுற போத்தலும் பம்பும் தான். ஏ9 இல இரவு ஓடுற ஆள் எண்டால் ஒரு சில்லு தேடி டிக்கியில போடுங்கோ.

ஜீஆர்3 க்கு அவ்வளவு காசு பெறுமோ?

கார் பெறும். எங்கட வரியோட சேத்துப் பெறுமோ எண்டது உங்கட பொக்கற். ஜீபீ5 இன்ர பெரிய வருத்தம், அந்த ரெட்டைக் கிளச், இதில இல்லவே இல்லை, ட்ரபிக்கில கரண்ட் கார் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். முன் தூண் மெல்லிசு, சந்தியில திருப்பேக்க சைக்கிள்காரர் மறையாது, ஒருக்கா ஓடிப் பாத்தால் தெரியும்.

2020, 2021 மொடல் இஞ்ச காணக் கிடைக்காததுக்குக் காரணம், அது யப்பானில வந்து ஒரு மாதத்தில, 2020 மார்ச்சில, எங்கட நாடு வாகன இறக்குமதியை மூடிப்போட்டுது. திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அதால வாறதெல்லாம் பிந்தின மொடல், 2022 ஒக்டோபருக்குப் பிறகு செய்ததில மோட்டர் 109 இல இருந்து 123 குதிரையாக் கூடியிருக்கு. ரெண்டு கார் ஒரே விலை எண்டால் அந்தத் திகதியைப் பாத்து எடுங்கோ.

அப்ப நீங்கள் ஏன் இன்னும் அந்த ஜீபீ5 ஐ வச்சிருக்கிறியள்?

கிளச் ஒருக்கா மாத்திப்போட்டன், 97,000 இல. அந்தக் காசு எடுபடோணும் எண்டால் இன்னும் நாலு வருசம் ஓடோணும். அதோட மாங்கண்டு ரெண்டும் போன வருசம் காய்ச்சது, காய் கொண்டுவரப் பின் சீற் மடக்க வேணும்.